வாரியத்துக்குப் போன ஜெனவீவ்

ஜெனவீவைத் தொழிலாளர் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்த அன்று குருண் ஆலையில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவளும் அந்தப் பாதியில் ஒருத்திதான்.

எழுபத்தேழாம் வருஷம் அது. வடக்கு ரப்பர் பதனீட்டு வாரியம் என்ற மலேசிய அரசாங்க அமைப்பு, சிறுதோட்டக்காரர்களிடமிருந்து உறைந்த ரப்பர்ப் பாலான கட்டிப்பாலை வாங்கி, கெடா மாநிலத்துக் குருண் ஆலையில் கழுவி அரைத்துக் காயவைத்து, கட்டிகளாக அழுத்திக் கப்பலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதன் நிர்வாகக் குழுவில் இனிமேல் தொழிலாளர் ஒருவரும் உட்கார வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. அலோர் ஸ்டாரிலிருந்து ஓர் அதிகாரி வந்து எல்லாரையும் ஆலை வாசலில் நிற்கவைத்து, உங்களுக்கு வேண்டிய ஆளை நீங்களே சொல்லுங்கள் என்று மலாயில் கேட்டார்.

தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் பக்கிரிசாமி அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். அவர் பெயர்தான் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து நவமணியின் குரல் கேட்டது.

"நம்ம ஜெனவீவ் போகட்டும்லா! இங்க மானேஜர் கம்பளத்த நனச்ச மாதிரி அங்க இருக்கிற கம்பளத்தயும் நனச்சிட்டு வரட்டும்!"

கம்பளத்துக் கதை எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய வருஷம் வரை ஆலையில் பெண்களுக்குத் துணி மாற்ற இடம் கிடையாது. கட்டிகளை அடுக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஒருத்தி சேலையை விரித்துப் பிடிக்க, மற்றவள் மாற்றிக்கொள்வாள். லோரிக்காரர்கள் வேண்டுமென்றே அந்தப் பக்கமாக வந்து ஹாரன் அடிப்பார்கள். மனு கொடுத்துப் பார்த்தார்கள், சங்கம் பேசிப் பார்த்தது. ஒருநாள் வேலை முடிந்ததும் ஜெனவீவ் தொப்பலாக நனைந்த துணியோடு, காலணிகூடக் கழற்றாமல் மானேஜர் அறைக்குள் போய் நின்றாள். அவள் மேலிருந்து ரப்பர்த் தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சாம்பல் நிறக் கம்பளத்தில் வட்டமாகப் பரவியது. ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த நாற்றம் பழகிப்போயிருந்தது. மானேஜருக்குப் பழக்கமில்லை. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு "என்ன வேண்டும்?" என்று கேட்டார். "துணி மாத்த எடம் இல்ல துவான். அதான் இப்படியே வந்துட்டேன்," என்றாள். அடுத்த மாதம் அறை கட்டினார்கள்.

அதனால் நவமணி சொன்னதும் பெண்கள் பக்கம் கைகள் உயர்ந்தன. வேடிக்கையாக ஆரம்பித்த கை தூக்கல், மலாய்ப் பெண்களும் சேர்ந்துகொண்டதில் நிஜமாகவே பெரும்பான்மையாகிவிட்டது. பக்கிரிசாமி முகம் செத்துப்போனது. ஆனாலும் மனிதர் நாகரிகம் தெரிந்தவர், கிட்டே வந்து, "நல்லா செய்யிம்மா. ஆனா ஒண்ணு, அங்க போய் உக்காந்தா அவங்க ஆளாக்கிப்புடுவாங்க. பாத்து நடந்துக்க," என்றார்.

அப்போது ஜெனவீவுக்கு முப்பத்தொன்பது வயது. குருணுக்கு வெளியே ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கான்வென்ட் சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் ஆறு வருஷம் படித்தவள். கணவன் பெர்னார்ட் லோரி ஓட்டுநர். டவுனில் பலகை வீடு, இரண்டு பிள்ளைகள். ஆலையில் அவளும் நவமணியும் ஒரே மேசை. அழுத்தி வரும் கட்டியை அறுத்து, உள்ளே காயாத வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றுவது அவர்கள் வேலை. ஒருத்தி அறுப்பாள், ஒருத்தி சுற்றுவாள். நவமணி பக்கத்துத் தோட்டத்து லயத்தில் குடியிருந்தாள். அவள் கணவன் சின்னையா அந்தத் தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர். ஜெனவீவின் இரண்டாவது பிரசவத்தில் ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நவமணிதான். நவமணியின் மகள் பெரியவளானபோது மாமன் வீட்டுச் சீர் செய்ய ஆளில்லாமல், பெர்னார்ட் மாமனாக நின்றான். வேதக்காரன் எப்படிச் சீர் செய்யலாம் என்று லயத்தில் யாரோ கேட்டதற்கு, "உனக்கு வேணும்னா நீ செய்யிலா," என்று நவமணி வாயை அடைத்துவிட்டாள்.

அலோர் ஸ்டார் கூட்டத்துக்கு வாரியத்தின் கார் வந்து கூட்டிப்போகும். முதல் தடவை போகும்போது ஜெனவீவ் தலைக்கு மூன்று தரம் சீயக்காய் போட்டாள். அப்படியும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்ததும் தன் தலைமுடியிலிருந்து ஆலை வாடை அடிக்கிற மாதிரியே அவளுக்கு இருந்தது. நீளமான மேசை. அரசாங்க அதிகாரிகள், சிறுதோட்டக்காரர்களின் சார்பில் ஒரு பெரியவர், வியாபாரிகள் சார்பில் ஹபீப் முகம்மது. அலோர் ஸ்டாரில் துணிக்கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்திருந்தவர் அவர். ராமநாதபுரத்துப் பூர்வீகம், தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஜெனவீவைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். மலாய் அவளுக்கு நன்றாகத் தெரியும். பேச்சு ஆங்கிலத்துக்குத் தாவும்போதெல்லாம் ஹபீப் பாய் குனிந்து காதோடு காதாகத் தமிழில் சொல்லிவிடுவார்.

அன்றைக்கு அவளுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார்கள். இந்த மேசையில் பேசுவதை வெளியே பேசமாட்டேன் என்பது அதில் ஒரு வாசகம். தலைவர் வயதான மலாய்க்காரர், மென்மையாகப் பேசுகிறவர். வேதக்காரி என்று கேள்விப்பட்டு ஒரு பைபிளை வரவழைத்திருந்தார். அதன்மேல் கை வைத்துச் சொன்னாள். ஆண்டவர் பேரில் அவள் சத்தியம் செய்தது அதற்கு முன் ஒரே ஒரு தரம்தான், கல்யாணத்தன்று.

முதல் மூன்று வருஷம் நல்லபடியாகத்தான் போயிற்று. இரண்டாவது ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் பெண்களுக்கு வாரியம் பஸ் விட்டது ஜெனவீவ் கேட்டுத்தான். அரைக்கும் இயந்திரத்துக்குக் கம்பித் தடுப்பு வந்ததும் அவளால்தான். பஸ் விட்ட முதல் நாள் நவமணி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "என் கூட்டாளி வாங்கிக் குடுத்த பஸ்ஸு!" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பக்கிரிசாமிகூட ஒரு சங்கக் கூட்டத்தில் ஜெனவீவைப் பாராட்டிப் பேசினார்.

எண்பத்தொன்றாம் வருஷம், நோன்புப் பெருநாள் கழிந்து நடந்த கூட்டத்தில் தலைவர் அறைக் கதவைச் சாத்தச் சொன்னார். குருண் ஆலையை மூடப்போகிறோம் என்றார். இயந்திரம் பழசு, கழிவுத் தண்ணீர் ஆற்றில் கலக்கிறது என்று ஏகப்பட்ட புகார். சுங்கை பட்டாணிப் பக்கம் புது ஆலை கட்ட அரசாங்கம் நிலம் கொடுத்துவிட்டது. ஒரு வருஷத்துக்குள் இங்கே கதவை அடைத்துவிட்டு அங்கே திறப்பது என்று திட்டம்.

ஹபீப் பாய் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. ஜெனவீவ் எழுந்து நின்றாள். "குருண்ல வேலை செய்றவங்க?" என்றாள். இயந்திரம் புதிது, ஆள் குறைவாகத்தான் வேண்டியிருக்கும் என்றார் ஓர் அதிகாரி. அவள் விடவில்லை. அரை மணி நேரம் வாதாடினாள். பழைய இயந்திரத்தை மாற்றிக் குருணிலேயே நடத்தலாமே என்றாள். கழிவுத் தண்ணீருக்குக் குளம் வெட்டலாமே என்றாள். யாரும் அவளை அதட்டவில்லை, கேலி செய்யவில்லை. எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு கை தூக்கினார்கள். எதிர்த்துத் தூக்கியது அவள் கை ஒன்றுதான்.

கூட்டம் கலைந்ததும் தலைவர் அவளைத் தனியாக அழைத்தார். ஹபீப் பாயும் கூட நின்றார்.

"இது ரஹ்சியா, புவான் ஜெனவீவ்," என்றார் தலைவர். ரகசியம் என்பதை அவர் சொன்ன தொனியில் மிரட்டல் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "இப்போதே வெளியே தெரிந்தால் சிறுதோட்டக்காரர்கள் கட்டிப்பாலை வேறு வியாபாரிகளுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சரக்கு இல்லாமல் ஆலை அடுத்த மாதமே நின்றுவிடும். அப்புறம் யாருக்கும் எதுவும் செய்ய முடியாது. அவகாசம் கொடுங்கள். குருண் ஆட்கள் எல்லாரையும் புது ஆலைக்கு எடுத்துக்கொள்ள நான் பொறுப்பு. பஸ்ஸும் விடுகிறேன்."

"எல்லாரையுமா துவான்?"

"எல்லாரையும்."

படி இறங்கும்போது ஹபீப் பாய் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, அந்த மனுசர் சொன்னா செய்வாரு. நானும் ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கேன். நீங்க வாயத் தொறந்தா அந்தக் கதவும் அடைஞ்சிரும்."

"நீங்க மூடுறதுக்குக் கை தூக்கினீங்களே பாய்."

"தூக்கினேன். மூடத்தான் வேணும்னு எனக்குப் பட்டிச்சு. ஆளுங்களக் கைவிடணும்னு படல."

அன்று மாலை வீடு வந்தவள் பெர்னார்டிடம்கூடச் சொல்லவில்லை. அவனிடம் சொன்னால் சின்னையாவுக்குப் போகும், சின்னையாவிடமிருந்து லயம் முழுக்கப் போகும், விடிவதற்குள் சிறுதோட்டக்காரர் காதுக்கும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "காய்ச்சலா?" என்று அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "ஏர்கோன்ல ஒக்காந்தது ஒத்துக்கல," என்றாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டு மாதம் கழித்து, நவமணி குடியிருந்த தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அந்தக் காலத்தில் அது புதிதல்ல. கெடாவில் எத்தனையோ தோட்டம் அப்படிப் போயிற்று. ஆனால் இந்தத் தோட்டத்து நிர்வாகம் கொஞ்சம் நல்ல மனதோடு, கூலிம் பக்கம் தங்களுக்கு இருந்த இன்னொரு தோட்டத்துக்கு ஆட்களை அழைத்தது. வீடு உண்டு, தண்ணீர் உண்டு, பெண்களுக்கும் களையெடுக்கிற வெளிக்காட்டு வேலை உண்டு. வருகிறவர்கள் மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். பிறகு இடமில்லை.

மறுநாள் வேலை முடிந்து குழாயடியில் கை கழுவும்போது நவமணி ஆலையைப் பற்றிப் பேச்சை எடுத்தாள்.

"ஜெனா, ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அவரு கூலிம் போலாங்கிறாரு. எனக்கு இந்தக் கிலாங் வேலைய விட்டுட்டுப் போக மனசில்ல. நான் இங்க வேல பாத்தா, குருண்லயே ஒரு வூடு வாடகைக்கு எடுத்துக்கிட்டு, அவரு அங்க இங்க கொத்து வேல பாத்துப் பொழச்சிக்கலாம். ஆனா கிலாங் நெலைக்குமான்னு அவருக்குப் பயம். எல்லாம் பழைய மிசின்னு சொல்றாரு." கையை உதறிவிட்டு நவமணி அவள் முகத்தைப் பார்த்தாள். "நீ வாரியத்துக்குப் போறவ. ஒனக்குத் தெரியாததா? நீ ஒரு வார்த்த சொன்னா போதும். கிலாங் இருக்குமா?"

ஜெனவீவ் சோப்பைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தெரியாது என்று சொல்லலாம். தெரியாது என்றால் நவமணி நம்பமாட்டாள்; ஏதோ இருக்கிறது என்று அந்த நிமிஷமே புரிந்துகொள்வாள். போ என்று சொன்னாலும் அதேதான். ஏன் போகச் சொல்கிறாய் என்று கேட்பாள். அவளுக்கு வாயை அடக்கத் தெரியாது. எல்லாரையும் எடுத்துக்கொள்வேன் என்ற தலைவரின் குரல் காதில் இருந்தது. மற்ற அத்தனை பெண்களின் முகமும் கண் முன்னால் வந்தது.

"இருக்கும்," என்றாள்.

"நல்லாத் தெரியுமா?"

"நான் அங்க இருக்கேன்ல. ஒன்ன விட்டுருவேனா?"

இரண்டாவதாகச் சொன்னதை அவள் மனதாரச் சொன்னாள். அது முதலில் சொன்ன பொய்யை எப்படியும் ஈடுகட்டிவிடும் என்று நம்பினாள். நவமணிக்கு முகம் மலர்ந்தது. "அது போதும்," என்று ஈரக் கையாலேயே அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

தோட்டத்து ஜனங்கள் லோரிகளில் சாமான் ஏற்றிக் கூலிம் கிளம்பிய அன்று, நவமணியும் சின்னையாவும் சாலையோரம் நின்று கையாட்டி வழியனுப்பினார்கள். சின்னையா மட்டும் லோரி மறைந்த பிறகும் அங்கேயே நின்றாராம். பிறந்ததிலிருந்து பார்த்த முகங்கள் அத்தனையும் அந்த லோரிகளில் போயின.

அடுத்த வருஷம் ஆரம்பத்தில் தலைவரின் பதவிக்காலம் முடிந்தது. நீட்டிப்பார்கள் என்று எல்லாரும் நினைத்திருக்க, உடல்நிலையைச் சொல்லி அவரே விலகிவிட்டார். புதிதாக வந்தவர் இளைஞர், சுறுசுறுப்பானவர். முதல் கூட்டத்திலேயே ஜெனவீவ் அந்த வாக்குறுதியை எடுத்தாள். அப்படி ஒரு தீர்மானம் இருக்கிறதா என்று அவர் செயலாளரைக் கேட்டார். இல்லை என்றார் செயலாளர். ஹபீப் பாய் எழுந்து, "நான் சாட்சி, என் காதால் கேட்டேன்," என்றார். புதிய தலைவர் பொறுமையாகத் தலையாட்டினார். முன்னவர் நல்லெண்ணத்தில் பேசியிருப்பார், ஆனால் புது இயந்திரத்துக்கு நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பழக்குவது கஷ்டம், முடிந்தவரை பார்க்கலாம் என்றார். ஜெனவீவ் அன்று மேசையைத் தட்டிப் பேசினாள். அழுதும் பேசினாள். முடிந்தவரை பார்க்கலாம் என்பதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை.

மூடும் செய்தியை ஆலை வாசலில் மானேஜர்தான் அறிவித்தார். கடைசியில், "உங்கள் பிரதிநிதியும் இருந்த கூட்டத்தில்தான் இது முடிவானது," என்று ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டார். அது பொய்யில்லை. அத்தனை தலைகளும் ஜெனவீவ் பக்கம் திரும்பின.

"எப்ப முடிவாச்சு?" என்று பக்கிரிசாமி சத்தம் போட்டார். "சொல்லும்மா! எப்பத் தெரியும் ஒனக்கு? ஏர்கோன்ல ஒக்காந்து சாண்ட்விச் தின்னியே, எங்கள வித்துட்டுத் தின்னியா?"

மேசையில் பேசியதை வெளியே பேசமாட்டேன் என்ற சத்தியம் அப்போதும் அவளைக் கட்டிப்போட்டிருந்தது. எதிர்த்துக் கை தூக்கியதைக்கூட அவள் சொல்லவில்லை. அந்த நேரத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நவமணி வந்தாள். வந்து அவளுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"யோவ், யாரப் பாத்து என்னா பேசுறீங்க? அவளுக்கே தெரியாதுய்யா! அந்தப் பெரிய மனுசனுங்க அவளயும் ஏமாத்திட்டானுங்க. தெரிஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லாம இருப்பாளா? நான் வாய் விட்டுக் கேட்டேன்ல! எங்கிட்ட பொய் சொல்லுவாளா அவ?"

கூட்டம் அடங்கியது. நவமணியின் முதுகுக்குப் பின்னால் நின்ற ஜெனவீவ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு பெர்னார்ட் கேட்டான். "தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

லோரிச் சாவியை ஆணியில் மாட்டினான். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீங்க சின்னையாண்ணங்கிட்ட சொல்லியிருப்பீங்க."

"சொல்லித்தான் இருப்பேன்," என்றான் பெர்னார்ட்.

புது ஆலைக்கு ஆள் எடுத்தார்கள். இளம் பெண்கள் அநேகமாக எல்லாருக்கும் வேலை கிடைத்தது. நவமணிக்கு நாற்பத்துமூன்று வயது. கண் பரிசோதனையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளைப் போல இருபது, முப்பது பேர் வேலை கிடைக்காமல் நின்றார்கள். ஜெனவீவுக்கு மட்டும் பெண்கள் பகுதியில் மேற்பார்வையாளர் வேலை தருவதாக வாரியம் சொல்லியனுப்பியது. அவள் மறுத்துவிட்டாள். குழு உறுப்பினர் பதவியையும் விட்டாள். ஹபீப் பாய் குருணுக்கே காரில் வந்து, "தங்கச்சி, நீங்களும் போயிட்டா அந்த மேசையில கேக்குறதுக்கு ஆளே இல்லாமப் போயிரும்," என்று எவ்வளவோ சொன்னார். "கேட்டு என்னா ஆச்சு பாய்?" என்றாள். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர் ஓர் அலுவலக ஊழியர். தொழிலாளர்கள் கை தூக்கித் தேர்ந்தெடுத்தவர் அல்ல.

கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். சத்தியத்தைக் காப்பாற்றியது பாவமில்லை, பொய் சொன்னதற்கு மூன்று அருள்நிறை மந்திரம் சொல் என்றார். முழங்காலில் நின்று சொல்லிவிட்டு எழுந்தாள். உள்ளே பாரம் எதுவும் இறங்கினதாகத் தெரியவில்லை.

நவமணியும் சின்னையாவும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தஞ்சோங் டாவாய் போனார்கள். கூலிம் தோட்டத்தில் கேட்டுப் பார்த்ததில் வீடெல்லாம் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அந்த மீன்பிடிக் கிராமத்தில் நெத்திலி காயவைக்கிற ஒரு சீனரிடம் இருவருக்கும் வேலை கிடைத்தது. கொட்டகையை ஒட்டி ஓர் அறையும் கொடுத்தார். ரப்பர் மரத்துக்கடியில் வளர்ந்த சின்னையாவுக்கு நிழலே இல்லாத அந்த வெயில் ஆகவில்லை. வேலை முடிந்தால் யாரோடும் பேசாமல் படகுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். போகிறவர் வருகிறவர் மூலம் ஜெனவீவுக்குச் செய்தி வந்துகொண்டிருந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. அங்கேயும் யாராவது குருண் ஆலைப் பேச்சை எடுத்து ஜெனவீவைத் திட்டினால், நவமணி சண்டைக்குப் போகிறாள் என்று.

அதைத்தான் ஜெனவீவால் தாங்க முடியவில்லை. பக்கிரிசாமி கடைவீதியில் அவளைக் கண்டு முகத்தைத் திருப்பியபோதுகூட அவள் வழக்கம்போல் நடந்தாள். நவமணி தனக்காகச் சண்டை போடுகிறாள் என்று கேட்ட அன்றுதான் சாப்பாடு இறங்காமல் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் ஏறினாள். தஞ்சோங் டாவாயில் நெத்திலி விரித்த பலகைகளுக்கு நடுவே நவமணி குந்தி உட்கார்ந்து கிளறிக்கொண்டிருந்தாள். கறுத்து, மெலிந்து போயிருந்தாள். ஜெனவீவைக் கண்டதும், "அடியே, வாடி! இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?" என்று எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். இருவர் மேலும் இப்போது மீன் வாடை.

அறைக்குள் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பிள்ளைகளை விசாரித்து, பேசிக்கொண்டே இருந்தாள். ஜெனவீவ் அவள் பேச்சு நிற்பதற்காகக் காத்திருந்தாள். நிற்கவில்லை. கடைசியில் குறுக்கிட்டாள்.

"நவமணி, எனக்குத் தெரியும்டி."

"என்னா தெரியும்?"

"நீ குழாயடியில கேட்டப்ப, கிலாங் மூடப்போறாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் இருக்கும்னு சொன்னேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சத்தியம் செய்ததை, எதிர்த்துக் கை தூக்கியதை, தலைவர் வாக்குக் கொடுத்ததை, வெளியே சொன்னால் அத்தனை பேரும் கெட்டுப்போவார்கள் என்று பயந்ததை. நவமணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் எழுந்து வாசலில் போய் நின்றாள். சின்னையா தூரத்தில் கூடையைத் தலையில் வைத்து வந்துகொண்டிருந்தார்.

"நீ தெரியாமச் சொன்னன்னு நெனச்சேன்," என்றாள் திரும்பாமலே. "அத நெனச்சித்தான் இங்க கெடந்து காயிறேன். எல்லாரும் நம்மள ஏமாத்திட்டாங்க, என் ஜெனா ஏமாத்தலன்னு. இப்ப எதுக்குடி வந்து சொன்ன?"

"ஒங்கிட்ட மறைக்க முடியல."

"முடிஞ்சிதே. அன்னிக்கு முடிஞ்சிதே." நவமணியின் குரல் உயரவில்லை. "எல்லாருக்காகவும் பாத்தேங்கிற. சரி. நான் ஒரு ஆளு கேட்டேனே. 'என்னக் கேக்காத, அவரு சொல்றபடி செய்யி'ன்னு சொல்லியிருந்தா, நான் ஏன்னு கூட கேட்டிருக்க மாட்டேனே."

கேட்டிருக்கமாட்டாள் என்பது அந்த நிமிஷத்தில் ஜெனவீவுக்கும் தெரிந்தது. குழாயடியில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. இருபது வருஷம் ஒரே மேசையில் நின்றவளின் வாயைத்தான் அவள் நினைத்துப் பயந்தாள்.

சின்னையா கூடையை இறக்கிவிட்டு, "வாம்மா, எப்ப வந்த? பெர்னார்ட் நல்லாருக்கானா?" என்றார். நவமணி அவரிடம், "பஸ்ஸுக்கு நேரமாச்சாம், கெளம்புறா," என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு நவமணியிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. மகள் கல்யாணத்துக்கும் அழைப்பு வரவில்லை. ஜெனவீவ் கோயிலை ஒட்டியிருந்த பாலர் பள்ளியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். குருணில் பழைய கோபமெல்லாம் நாளாக ஆக ஆறிப்போயிற்று. ஜெனவீவ் எதிர்த்துத்தான் கை தூக்கினாள் என்பதை ஹபீப் பாய் எங்கோ சொல்லி, அது ஊருக்குள் பரவிவிட்டது. பக்கிரிசாமியே ஒருநாள் வழிமறித்து, "தப்பாப் பேசிட்டேம்மா, மனசுல வச்சிக்காத," என்றார். "அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே," என்றாள். அவர் மன்னிப்புக் கேட்டது அவளுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

எண்பத்தேழாம் வருஷம் மழைக்காலத்தில் சின்னையா இறந்துவிட்டார். ரொம்ப நாளாகவே படுக்கையில்தான் இருந்தாராம். செய்தி கிடைத்ததும் பெர்னார்ட் கிளம்பினான். லோரி முதலாளி விடவில்லை. ஜெனவீவ் தனியாகப் போனாள்.

கொட்டகை வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். தோட்டத்து ஜனங்கள் கூலிமிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். பெண்கள் மத்தியில் நவமணி அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். புதிதாக வரும் ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொண்டு அவள் குரல் எழுப்பி அழுததை ஜெனவீவ் தூரத்திலிருந்தே பார்த்தாள். தன் முறை வந்ததும் கிட்டே போய்க் குனிந்தாள்.

நவமணி நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சற்று நகர்ந்து இடம்விட்டாள்.

"வாங்க," என்றாள். "ஒக்காருங்க. ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்கீங்க." பிறகு மகளிடம் திரும்பி, "இவங்களுக்குக் காப்பி குடு," என்றாள்.

ஜெனவீவ் உட்கார்ந்தாள். காப்பியைக் குடித்தாள். சின்னையாவை எடுத்துக்கொண்டு போகும் வரை இருந்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

வீட்டில் பெர்னார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். துண்டை எடுத்து நீட்டினான்.

"நவமணி பேசிச்சா?"

"பேசினா," என்றாள் தலையைத் துவட்டிக்கொண்டே. "மரியாதையாப் பேசினா."

அவள் ஈரச் சேலையை மாற்ற உள்ளே போனாள்.